வேலைக்குத் திரும்பும் தாய் எந்த பம்ப் வாங்கலாம்?

கேள்வி: கோவையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். குழந்தைக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது, தாய்ப்பால் மட்டும்தான். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை 9 மணிக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர 6 ஆகிவிடும். தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாங்கலாம் என்றால் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை விலை சொல்கிறார்கள். அக்கா தன்னுடைய பழைய எலக்ட்ரிக் பம்பைத் தருவதாகச் சொல்கிறாள். மாமியாரோ, "எடுத்து வைத்த பால் ஆகாது, பவுடர் பால் கொடுத்துவிடலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் மாமியாரின் பயத்தைப் போக்கிவிடலாம். சுத்தமாக எடுத்துக் குளிரில் வைத்த தாய்ப்பால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் செய்யாது. பகலில் குழந்தைக்குப் புகட்டப்போவது அவர்தானே, அடுத்த முறை தடுப்பூசிக்கு வரும்போது அவரையும் அழைத்து வந்து மருத்துவரிடம் நேரில் கேட்கச் சொல்லுங்கள். பாட்டில் வேண்டாம்; பாலாடையிலோ சின்னக் கிண்ணத்திலோ கொடுக்கட்டும். ஒரு வேளைக்கு 90 முதல் 120 மில்லி இருந்தால் பெரும்பாலும் போதும். ஃப்ரீசர் நிறைய சேர்த்து வைக்கப் பாடுபட வேண்டாம்.

இனி பம்ப். ஒன்பது மணி நேரம் வெளியே இருக்கும் உங்களுக்கு ஏறக்குறைய மூன்று மணிக்கொரு முறை பால் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பால் கட்டிக்கொள்ளும், நாளடைவில் சுரப்பும் குறையும். கையால் அழுத்தும் பம்பில் ஒவ்வொரு பக்கமாக எடுத்து முடிக்க அரை மணி ஆகும், கையும் வலிக்கும். எப்போதாவது வெளியே போகிறவர்களுக்கு அது போதும். உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற, சார்ஜ் செய்யக்கூடிய எலக்ட்ரிக் பம்ப்தான் சரி. 15, 20 நிமிடத்தில் வேலை முடியும். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் வகை வசதிதான், ஆனால் பலருக்கு அது பாலை முழுதாக எடுப்பதில்லை. அதை மட்டும் நம்பி வேலைக்குப் போகாதீர்கள். ரப்பர் பந்து வைத்த பம்ப்பை வாங்கவே வேண்டாம். பந்துக்குள் பால் போய்விட்டால் கழுவ வழியே இல்லை.

அக்காவின் பம்ப்பையும் அன்போடு மறுத்துவிடுங்கள். பல மாடல்களில் பால் குழாய் வழியாக மோட்டார் வரை போய்ப் பூஞ்சை பிடிக்கலாம், அது வெளியே தெரியாது. பழைய மோட்டாரின் இழுவையும் குறைந்திருக்கும். புதிதாக வாங்கும்போதும் பால் பின்னால் ஏறாதபடி தடுப்பு உள்ள 'க்ளோஸ்டு சிஸ்டம்' தானா என்று கேட்டு வாங்குங்கள்.

விலையைவிட நான் பெரிதாக நினைப்பது மார்பில் வைக்கும் புனலின் அளவைத்தான். பெட்டியோடு பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் புனல் வரும்; பலருக்கு அது பெரிது. காம்பின் அடியில், கருவட்டத்தைச் சேர்க்காமல், குறுக்காக ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். அந்த அளவோ, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலோ சரியாக இருக்கும். பால் எடுக்கும்போது காம்பு மட்டும் புனலுக்குள் உரசாமல் போய் வர வேண்டும். எடுத்து முடித்ததும் காம்பு வெளுத்தோ வீங்கியோ இருந்தால் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். "பம்ப் வலிக்கிறது, பாலும் வரவில்லை" என்று என்னிடம் வருகிற தாய்மார்களில் பலருக்கு, புனலை மாற்றியதுமே வலி நின்றிருக்கிறது. ஆகவே வெவ்வேறு அளவுப் புனலும் வால்வும் தனியாகக் கிடைக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். சில மாதம் கழித்துப் பால் திடீரென்று குறைந்தால், சுரப்பு போய்விட்டதென்று கலங்குமுன் அந்தச் சிறிய சிலிகான் வால்வை மாற்றிப் பாருங்கள். அது தளர்ந்தாலே இழுவை போய்விடும்.

இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறு. குழந்தையின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு, மார்பை மெதுவாகத் தடவிவிட்டு, வலிக்காத அளவில் வையுங்கள். உடலின் இறுக்கம் தளர்ந்தால்தான் பால் இறங்கும். வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே தினம் ஒரு முறை பழகிக்கொள்ளுங்கள். கையால் பீய்ச்சவும் கற்றுக்கொள்ளுங்கள், சார்ஜ் தீர்ந்த நாளில் கைகொடுக்கும்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள்; அங்கே நான்கு நாள் இருக்கும். ஐஸ் பேக் வைத்த பையில் ஒரு நாள் வரை தாங்கும், வீடு வரை கொண்டுவரலாம். கொடுக்குமுன் வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம்.

கிளை மேலாளரிடம் இப்போதே பேசுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உங்களுக்குச் சட்டம் தந்த உரிமை. கெஞ்சிக் கேட்க வேண்டியதல்ல. தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் பிளக் பாயின்ட்டும் வேண்டுமென்று கேளுங்கள். கழிப்பறையில் நின்று பால் எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

மார்பில் ஓரிடம் சிவந்து கல்லாக இறுகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.