டெக்சாஸுக்குப் படிக்க வரும் நகரித் தம்பிக்கு

தம்பி, டல்லாஸில் எம்.எஸ். சேரப் போகிறாய், அங்கே எல்லாரும் துப்பாக்கி வைத்திருப்பார்களாமே என்று அம்மா பயப்படுகிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறாய்.

நானும் உன் நகரிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுக்காரன்தான். நம் பக்கத்தில் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது ஆகி சட்டத் தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில், லைசென்ஸ் உள்ளவர் அதை மறைத்து எடுத்துவர 2016 ஆகஸ்ட் 1 முதல் அனுமதி. இதே டெக்சாஸில், ஆஸ்டின் நகரப் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கண்டபடி சுட்டுத்தள்ளியது 1966-இல், அதே ஆகஸ்ட் 1. யார் நாள் குறித்துக் கொடுத்தார்களோ!

ஆனால் தினசரி வாழ்க்கையில் நீ எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறு. உன்னிடமும் ஒன்று இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே காரை நெருங்குகிற போலீஸ்காரர்தான் அது.

ஊரில் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வோம்? இறங்கி, ஆர்.சி. புக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "சார், சார்" என்று ஜீப் பக்கம் ஓடுவோம். உட்கார்ந்தே இருந்தால் திமிர் என்பார்கள். இங்கே அந்த மரியாதைதான் வினை. பின்னால் சிவப்பு, நீல விளக்கு தெரிந்தால் வலப்பக்கம் ஓரங்கட்டு. கண்ணாடியை இறக்கு, இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும். கேட்ட பிறகு, "லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடு. குனிந்து சீட்டுக்கடியில் போனைத் தேடாதே. அபராதம் தப்பு என்று பட்டால் கோர்ட்டில் பேசிக்கொள், ரோட்டில் வேண்டாம். தப்பித்தவறிக்கூடப் பணம் நீட்டிவிடாதே.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், 1989-இல், போலீஸ் மேல் கிரஹாம் என்பவர் போட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது. போலீஸ் பிரயோகித்த பலம் சரியா என்பதை, அந்த நொடியில் அங்கே நின்ற நியாயமான ஒரு அதிகாரியின் பார்வையில்தான் எடைபோட வேண்டும். நீ பர்ஸைத்தான் எடுத்தாய் என்பது பிறகு தெரிந்து என்ன பயன்?

துப்பாக்கி இருந்தால்தான் அரசாங்கம் மக்களுக்கு அடங்கும் என்பார்கள் இங்கே பலர். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லி 1791-இல் வந்த அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தைக் காட்டுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஊரெல்லாம் துப்பாக்கி இருப்பதால் போலீஸ் கைதான் சீக்கிரம் இடுப்புக்குப் போகிறது.

அதற்காக நம் பக்கம் சாதுவான அரசாங்கம் என்று சொல்ல மாட்டேன். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீஸ் 20 தமிழரைச் சுட்டுக் கொன்றது. கல்லும் கோடரியுமாகத் தாக்க வந்தார்கள் என்றது. உங்கள் ஊரிலிருந்து எட்டாத தூரமா அது?

அதே வருடம் பிப்ரவரியில் இங்கே அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயதுப் பெரியவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். யாரோ சந்தேகப்பட்டு போன் போட, வந்த போலீஸ்காரர் ஒருவர் தரையில் அடித்துத் தள்ளினார். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு உடல் பாதி முடங்கியது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மா வந்தால், உன் பெயர், முகவரி, போன் எண், ஆங்கிலம் தெரியாது என்ற வரி எல்லாம் எழுதிய ஒரு அட்டையை அவர் கையில் கொடுத்து வை. முதல் வாரம் கூடவே நடந்து அக்கம்பக்கத்தாருக்கு முகம் காட்டு.

அப்புறம், பாதுகாப்புக்கு நீயே ஒரு துப்பாக்கி வாங்கலாமே என்று எவனாவது யோசனை சொல்வான். மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்திய சட்டப்படி குற்றம்; வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. நண்பர்கள் சும்மா சுட்டுப் பார்க்க ரேஞ்சுக்குக் கூப்பிட்டாலும், முதலில் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போ.