முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் கோங்க் கிராமத்தில் தங்கலாமா?

அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, கார் இல்லாமல், தெற்கு பிரான்சில் இருக்கும் கோங்க்கில் இரண்டு இரவு தங்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஆனால் அறையை மட்டும் சென்ட் ஃபுவா (புனித ஃபுவா) தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். ஊரே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கீழே தூர்து ஆறு. கல் பாவிய சந்துகள் எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான், மழை பெய்தால் வழுக்கும்.

ரயில் ஊருக்குள் வராது. ரொதேஸ் நகரம் வரை ரயிலில் வந்துவிட்டு, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்கு டாக்ஸி. அதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு நேரத்தை விட்டுவிடாதீர்கள், மதியம் 2 மணிக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காது. சைவம் என்றால் அலிகோ கேளுங்கள்: உருளைக்கிழங்கு மசியலில் பாலாடைக்கட்டி சேர்த்து நூலாக இழுபடும்வரை கிண்டுவது. கூடவே இறைச்சி வைப்பார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தேவாலயத்தின் அந்த மேற்கு வாசல்! 12-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சி, 124 உருவங்கள், பழைய வண்ணம்கூட அங்கங்கே மிச்சம் இருக்கிறது. சதுக்கத்தில் நின்றே பார்க்கலாம், அவசரமே வேண்டாம். உள்ளே 1994-இல் ஓவியர் பியர் சூலாஜ் அமைத்த நிறமற்ற கண்ணாடிச் சன்னல்கள், வெளிச்சம் மாற மாற அவையும் மாறும், அதனால் காலையும் மாலையும் போங்கள். தேவாலயக் கருவூலத்தில் இருக்கும் புனித ஃபுவாவின் பொற்சிலையையும் அவசியம் பாருங்கள், பிரெஞ்சுப் புரட்சியின்போது கருவூலத்தை ஊர்மக்களே ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். தேவாலய மாடத்துக்கு ஏறுவதை மட்டும் அம்மாவுக்கு வேண்டாம், படிகள் அதிகம்.