கேளுங்க, பேசுவம்: மாமியப் பாக்கிறதும் ஊழியந்தானா?

கேள்வி: அண்ணன், மாமிக்கு பாரிசவாதம் வந்து படுத்த படுக்கை. இவர் கத்தார்ல. முந்தி ஓய்வுநாள் பாடசாலையில படிப்பிச்சன், கிராம ஊழியத்துக்கும் போவன், இப்ப வாசலத் தாண்ட ஏலாது. போன மாசம் வீட்டுக்கூட்டத்துல ஒரு அக்கா ‘நித்தியத்துக்கு நீ என்னத்த சேத்து வச்சிருக்காய்’ எண்டு கேட்டுட்டா. ராவெல்லாம் அழுதன். என்ட வாழ்க்கைக்கு என்னதான் நோக்கம்?
— பெயர் வேணாம், பெரியகல்லாறு

பதில்: தங்கச்சி, அந்த அக்கா கேட்டது சரியில்ல, அத முதல்ல சொல்லிர்றன்.

கொலோசெயர் 3:23 எங்கட ஆக்களுக்கு மனப்பாடம், ‘எதைச் செய்தாலும்... கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’. ஆனா அது ஆருக்கு எழுதினது எண்டு பாருங்க, பாஸ்டர்மாருக்கு இல்ல, முந்தின வசனத்துல ‘வேலைக்காரரே’ எண்டு பவுல் கூப்பிடுறார், அதாவது அந்தக் காலத்து அடிமைகள், நினைச்ச இடத்துக்குப் போகேலாம ஒரு வீட்டுக்குள்ளயே கிடந்து தண்ணி அள்ளி, சமைச்சு, மத்தவன்ட கால் கழுவின சனம். அடுத்த வசனத்துல அவங்களுக்குத்தான் ‘சுதந்தரத்தின் பலன்’ (சுதந்தரம் எண்டா இங்க முதுசம், பரம்பரைச் சொத்து) கிடைக்கும் எண்டு எழுதுறார். எசமான்ட சொத்துல ஒரு சதமும் கிடைக்காத அடிமைக்கு பரலோகத்துல முதுசம்! மேடையில ஏறினதுக்கில்ல, அந்த வீட்டு வேலைக்கு.

அப்ப ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாமியச் சரிச்சுப் படுக்க வச்சு, குதிக்காலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கா எண்டு பாக்கிறீங்களே, புண் வரக்கூடா எண்டு, அது ஊழியத்துக்குப் போகேலாம இருக்கிற நேரமில்ல. அதுதான் ஊழியம். மத்தேயு 25ல ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ எண்டு ராஜாவா வாற இயேசு நீதிமான்களுக்குச் சொல்லக்குள்ள, அவங்க ‘எப்ப ஆண்டவரே?’ எண்டு கேக்கிறாங்க பாருங்க, தாங்க செய்தது அவங்களுக்கே தெரியாது.

பலன் கண்ணுக்குத் தெரியல்ல எண்டு கவலப்படாதீங்க. 1814ல மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயா, கப்பல்லயே மனிசியப் பறிகுடுத்துட்டு வந்த மனிசன், அடுத்த வருஷமே இஞ்ச காலமாயிட்டார், ஒரு வருஷங்கூட முழுசா முடியல்ல. அண்டைக்கு ஆரும் கணக்குப் பாத்திருந்தா நட்டமெண்டுதான் எழுதியிருப்பாங்க. அவர் தொடங்கின மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர்ட பேரச் சொல்லி இண்டைக்கும் நிக்குது.

ஆனா இன்னொண்டு. 1 தீமோத்தேயு 5:4ல விதவையான தாய விசாரிக்கிறது ‘பிள்ளைகளாவது, பேரன் பேத்திகளாவது’ எண்டுதான் கிடக்கு, மருமகள் எண்டு ஒரு எழுத்துமில்ல! உங்கட வீட்டுக்காரர்ட அக்கா தங்கச்சிமார் ஊருல இருந்தா கிழமைக்கு ஒரு ராவாவது வந்து நிக்கச் சொல்லுங்க. அவர் காசு அனுப்பினா காணாது, நாளைக்கு ஒருக்கா வீடியோ கோல்ல தாயோட கதைக்கட்டும்.

சபையையும் விடாதீங்க. அப்போஸ்தலர் 6ல பந்தியில விதவைகள் கவனிக்கப்படல்ல எண்டு முறுமுறுப்பு வந்த உடன ஜெபிச்சிட்டு மட்டும் இருக்கல்ல, ஏழு பேரத் தெரிஞ்சு பொறுப்புக் குடுத்தாங்க. உங்கட பாஸ்டர் ஐயாட்ட நேராக் கேளுங்க, சனிக்கிழமையில ரெண்டு பெண்கள் வந்து மாமிக்குப் பக்கத்துல இருந்தா நான் குளிச்சு, ஒரு குட்டி நித்திரை கொண்டு எழும்புவன் எண்டு. வெக்கப்படாதீங்க. அந்தக் கேள்வி கேட்ட அக்காவையே முதல் கிழமைக்குப் போடச் சொல்லுங்க (பகிடிக்குச் சொல்லல்ல).

கேள்வி: வெள்ளத்துக்கு உலர் உணவுப் பொதி குடுக்கிற ஃபோட்டோவ பேஸ்புக்கில போடுறது பிழையா? வலதுகை செய்யிறது இடதுகைக்குத் தெரியக்கூடா எண்டு கிடக்கே?
— வாலிபர் சங்கத் தம்பி, திருக்கோவில்

பதில்: வெளிநாட்டுல இருந்து காசு அனுப்பினவங்களுக்குக் கணக்குக் காட்டத்தான் வேணும் தம்பி. அரிசி மூட்டையையும் கடை பில்லையும் எடுத்து அவங்கட வட்சப் குறூப்புல போடுங்க, காணும். வாங்குற அம்மாட முகம் வேணாம். நாளைக்கு அவட பேத்திய ஸ்கூல்ல ஆரும் அந்தப் படத்தக் காட்டிப் பகிடி பண்ணுவாங்க.