வாயு நிலையில் உலோக அயனி: கேள்வி பதில்

ஆசிரியர் ஒருவர்: கரைசலில் இருக்கும் அணைவு அயனியை, அதாவது உலோக அயனியும் அதில் ஒட்டிய மூலக்கூறுகளும் சேர்ந்த தொகுப்பை, சிதையாமல் வாயு நிலைக்கு எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

மின்தெளிப்பு முறையில்தான். கரைசலைச் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் நுண்ணிய ஊசி வழியே தெளிப்பார்கள். மின்சுமை ஏறிய துளிகள் உலர்ந்து சிறுத்து, கடைசியில் ஈனியோடு (உலோகத்தில் ஒட்டியிருக்கும் மூலக்கூறு) சேர்ந்த அயனி மட்டும் மிஞ்சும். இந்த முறையை வளர்த்தெடுத்த ஜான் ஃபென் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதுகலை மாணவி: அங்கே ஒரு நீர் மூலக்கூறு எதிரே வந்தால் உடனே ஒட்டிக்கொள்ளுமா?

நல்ல கேள்வி. நானும் படிக்கும்போது இங்கேதான் தடுமாறினேன். ஈர்ப்பு வலுவானதுதான், ஆனால் பிணைப்பு உண்டாகும்போது ஆற்றல் வெளிப்படுமே, அது எங்கே போகும்? கரைசலில் சுற்றியிருக்கும் மூலக்கூறுகள் அதை வாங்கிக்கொள்ளும். வாயு நிலையில் அப்படி யாரும் இல்லை. ஆற்றல் அணைவுக்குள்ளேயே அதிர்வாகச் சுற்றும். அந்தப் பிணைப்பையே அறுக்க அது போதும். பிரிவதற்குள், கருவியில் சிறிதளவு இருக்கும் ஹீலியம் வாயுவின் அணு ஒன்று மோதி அதைக் கொஞ்சம் எடுத்துச் சென்றால்தான் ஜோடி பிழைக்கும். அகச்சிவப்பு ஒளியாகவும் கொஞ்சம் வெளியேறலாம்.

பெரிய ஈனி இருந்தால் ஆற்றல் பல அதிர்வுகளில் பரவிவிடும், ஜோடி அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். வெற்று சோடியம் அயனி நீரை வலுவாக இழுத்தும் தவறவிடுவதையும், இழுவை குறைந்த பெரிய அணைவு அதைப் பிடித்து வைத்துக்கொள்வதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர்: எந்த அயனி நீரை அதிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்?

முதல் நீர் மூலக்கூறைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைப் பாருங்கள்: லித்தியம் மோலுக்குச் சுமார் 140 கிலோஜூல், சோடியம் 100, பொட்டாசியம் 75. சிறிய அயனி நெருங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது நீருக்குப் பிடி தளரும். எனக்கு மிகவும் பிடித்த முடிவு 1981இல் வந்தது: பொட்டாசியம் அயனி நீரைப் பிடிக்கும் அளவுக்குப் பென்சீனையும் பிடிக்கிறது. நேர், எதிர் என மின்சுமை பிரிந்த இருமுனையே இல்லாத மூலக்கூறு அது! அதன் வளையத்துக்கு மேலும் கீழும் இருக்கும் எலக்ட்ரான் மேகம்தான் காரணம்.

ஆய்வு மாணவர்: என் செம்பு அணைவின் நிறை நிறமாலையில் (அயனிகளை நிறைப்படி பிரித்துக் காட்டும் வரைபடம்) 18 நிறை அலகு கூடுதலாக ஓர் உச்சி வருகிறது. மாதிரியில் அசுத்தமா?

அவசரப்படாதீர்கள். நீர் மூலக்கூறின் நிறை 18தான். அயனிப் பொறிக்குள் (அயனிகளை அடைத்துவைக்கும் கருவிப் பகுதி) எஞ்சியிருக்கும் நீராவி அது, பெரும்பாலும். மூல அயனியை மட்டும் தனிப்படுத்தி, பொறியில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்த உச்சி மறுபடி தோன்றி வளர்ந்தால் நீர் அங்கேதான் சேர்கிறது, உங்கள் செம்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், இன்னொரு கொடை அணு (உலோகத்துக்கு எலக்ட்ரான் ஜோடி தந்து பிணையும் அணு) உள்ள ஈனியை மாற்றிப் போட்டு ஒப்பிடுங்கள். அந்த இடம் நிரம்பினால் உச்சி சிறுத்துவிடும்.