முட்டி வலிக்கிறதா? முதலில் சீட்டை ஏற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 53. உயரம் 157 செ.மீ., எடை 74 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சாப்பிடுகிறேன். இரண்டு முட்டியிலும் ஆரம்பக்கட்டத் தேய்மானம் என்று சொன்ன டாக்டர், சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். மகன் கல்லூரிக்கு ஓட்டிய கியர் சைக்கிள் (குண்டு டயர், குறுக்கே பார் வைத்தது) வீட்டில் சும்மா நின்றது. அதை எடுத்து ஓட்டினால் இருபதே நிமிடத்தில் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. உட்காருமிடத்தில் எரிச்சல்; ஜெல் கவர் வாங்கிப் போட்டேன், எரிச்சல் கூடித்தான் போனது. இத்தனைக்கும் கால் தரையில் எட்டும்படி சீட்டை அடிவரை இறக்கித்தான் வைத்திருக்கிறேன். சைக்கிள் எனக்கு ஒத்துவராதா? வேறு வாங்குவதென்றால் எதை வாங்குவது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சைக்கிள் உங்களுக்கு ஒத்துவரும். ஒத்துவராதது உங்கள் மகனின் சைக்கிள். அதிலும் பாதிக் குற்றம் இறக்கி வைத்த சீட்டுடையது.

தேய்மானம் கண்ட முட்டிக்குச் சைக்கிளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் முட்டிமூட்டில் உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சுமை இறங்கும். சைக்கிளில் எடையைச் சீட் வாங்கிக்கொள்வதால், நிதானமாக மிதிக்கும்போது அது ஏறத்தாழ ஒரு மடங்கோடு நின்றுவிடும். ஆனால் சீட் சரியான உயரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. சீட் தாழ்ந்திருந்தால் மிதி மேலே வரும்போது முட்டி அளவு மீறி மடங்குகிறது. மடங்கிய நிலையிலேயே அழுத்தி மிதிக்கிறீர்கள். தொடைத்தசை முட்டிச் சில்லைத் தொடையெலும்போடு வைத்து நெருக்குகிறது. அரைவாசி உட்கார்ந்து எழுவதை இருபது நிமிடத்தில் ஆயிரம் தடவை செய்தால் முட்டி என்ன சொல்லும்? அதைத்தான் சொல்கிறது.

முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது முன்னால் தள்ளியிருக்கிறது. முட்டியின் பின்குழியில் வலித்தால் சீட் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பாது.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கூட வேண்டாம். எந்தச் செருப்பு அல்லது ஷூவோடு ஓட்டுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, சீட்டில் ஏறி உட்காருங்கள். ஒரு மிதியை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அதற்காக இடுப்பு ஒருபக்கம் சாயக் கூடாது. அதுதான் உங்கள் உயரம். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது, மிதி கீழே இருக்கையில் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கி நிற்கும். இப்போது சீட் அடியில் கிடப்பதால் ஒரேநாளில் ஏற்றிவிடாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு செ.மீ. ஏற்றினால் உடம்பும் பழகும், பயமும் போகும். சீட் தண்டில் ஒரு கோடு குறித்திருப்பார்கள். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றவே கூடாது; தண்டு ஒடிந்துவிடும்.

அடுத்தது சீட் முன்பின் நகர்வது. இரண்டு மிதியும் ஒரே மட்டத்தில் முன்னும் பின்னுமாக இருக்கும்படி நிறுத்தி, முன்னால் இருக்கும் முட்டியின் சில்லுக்குக் கீழிருந்து ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிடுங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல. நூல் மிதியின் அச்சை ஒட்டி விழ வேண்டும். அச்சைத் தாண்டி முன்னால் விழுந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள நட்டைத் தளர்த்தி, சீட்டைப் பின்னால் தள்ளுங்கள்.

இந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் முழுசாக எட்டாது, விரல்நுனிதான் படும். நீங்கள் சீட்டை இறக்கியதற்குக் காரணமே அந்தப் பயம்தான். நடுவயதில் சைக்கிளுக்குத் திரும்புகிறவர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். தரையில் கால் ஊன்றுவது நிற்கும்போது மட்டும் தேவைப்படும் வேலை. அதை உட்கார்ந்தபடியே செய்ய வேண்டியதில்லை. வண்டி மெதுவானதும் ஒரு மிதியைக் கீழே கொண்டுவந்து, பிரேக்கைப் பிடித்தபடி அந்த மிதியின்மேல் எழுந்து நின்று, சீட்டைவிட்டு முன்னால் நகர்ந்து, மற்றக் காலைத் தரையில் ஊன்றுங்கள். காலியான இடத்தில் பத்து முறை பழகினால் வந்துவிடும். ஆனால் முன்னால் நகர இடம் வேண்டும். குறுக்கே உயரமான பார் இருக்கும் சைக்கிளில் உங்கள் உயரத்துக்கு அது கஷ்டம். உங்கள் மகனின் சைக்கிளை மாற்றச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் கை. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக அல்நார் நரம்பு ஒரு சிறு சுரங்கப்பாதை வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். உங்கள் மகனுடையது மாதிரிக் குண்டு டயர் வைத்த மலைச் சைக்கிளில் ஹேண்டில் தாழ்வாகவும் எட்டத்திலும் இருக்கும். உங்களைவிட உயரமான பிள்ளையின் அளவுக்கு வாங்கிய வண்டி என்றால் இன்னும் எட்டம். மேலுடம்பின் பாரம் உள்ளங்கையின் அந்த ஓரத்தில் விழுந்து நரம்பை அழுத்துகிறது. ஹேண்டில் பிடியை உள்ளங்கை படுமளவுக்கு அகலமான ரப்பர் பிடியாக மாற்றினால் ஓரளவு குறையும். முழுத் தீர்வு ஹேண்டில் உயர்ந்து, உங்கள் பக்கம் வளைந்து வருவதுதான்: முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டு ஒடிந்தாற்போல் நிற்கக் கூடாது.

இதில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், இரவிலும் எழுந்து கையை உதறவேண்டி வந்தால் அது வேறு நரம்பு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சைக்கிள் இல்லாமலே வரும். அப்படியிருந்தால் ஹேண்டிலை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இனி ஜெல் கவர். மெத்தென்று இருந்தால் சுகம் என்று நினைப்பது இயல்பு, கடைக்காரரும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார். நாம் உட்காரும்போது உடல் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் இரண்டு கீழ்முனைகள். கெட்டியான சீட்டில் அந்த இரண்டு எலும்பும் பாரத்தைச் சுமக்கும். தடித்த ஜெல்லில் அவை புதைந்துவிடும். நடுவில் ஜெல் பிதுங்கி, பாரம் தாங்கவே கூடாத மென்மையான இடத்தில் அழுத்தும். அங்கே ஓடும் நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கினால் முதலில் எரிச்சல், அப்புறம் மதமதப்பு. போதாதற்குக் கவர் வழுக்கி நகர்ந்து தொடையை உரசும். கழற்றி எறியுங்கள்.

உங்களுக்கு வேண்டியது சரியான அகலம். அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டை ஒன்றைக் கெட்டியான மரமுக்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலைச் சற்றே தூக்கி, ஒரு நிமிடம் லேசாக முன்சாய்ந்து இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். நடுவுக்கு நடு அளந்தால் பெண்களுக்குப் பெரும்பாலும் 11 முதல் 14 செ.மீ. வரும். முன்சாய்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு அதோடு 2 செ.மீ. சேர்த்த சீட் போதும். நிமிர்ந்து ஓட்டுவதற்கு 4, 5 செ.மீ.க்கு மேலும் கூட்டிக்கொள்ளலாம். நிமிர்ந்து உட்காரும்போது கிட்டத்தட்ட முழு எடையும் சீட்டில்தான் என்பதால், அடியில் சுருள் ஸ்பிரிங் இரண்டு வைத்த அகலச் சீட் அங்கே அர்த்தமுள்ளது.

சீட் மட்டமாக இருக்கட்டும். எரிகிறதே என்று சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுக்கக் கையை ஊன்றுவீர்கள். விரல் மறுபடி மரக்கும். இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம்.

இனி வாங்குவது. உங்களுக்குச் சரியான சைக்கிள் புதுமாடல் எதுவுமில்லை, நம்மூரில் ‘லேடீஸ் சைக்கிள்’ என்று பலகாலமாக ஓடுவதுதான். பார் தாழ்ந்து வளைந்திருக்கும், ஹேண்டில் சீட்டைவிட 5 முதல் 8 செ.மீ. உயர்ந்திருக்கும், செயின் கவர், மட்கார்டு, புடவை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் வலை. பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளும் இந்த வகைதான். உறவில் யார் வீட்டிலாவது அது தூசி படிந்து நின்றால், டயர் டியூப் மாற்றி, சீட்டை அகலமாக்கி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

கடையில் ‘26 இஞ்ச்’ என்று சொல்வது சக்கரத்தின் அளவு. உங்களுக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது. பொருத்தம் ஃபிரேமில் இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 15, 16 இஞ்ச் ஃபிரேம் பார்க்கலாம். ஆனால் எண்ணைவிட உட்கார்ந்து பார்ப்பதே நம்பகம். முன்னால் சொன்ன குதிகால் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். மிதியைத் தாங்கிச் சுற்றும் இரும்புக் கைக்குக் கிராங்க் என்று பெயர்; அதன் உட்பக்கம் 170 என்று பொறித்திருப்பது வழக்கம். அது மில்லிமீட்டரில் அதன் நீளம். 160 அல்லது 165 கிடைத்தால் உங்களுக்கு அதுவே மேல். கிராங்க் குட்டையானால் மிதி மேலே வரும்போது முட்டி மடங்குவது குறையும்.

முன்ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் சொகுசாகத் தெரியும். குறைந்த விலையில் வருவதில் அது எடையைக் கூட்டுவதோடு, மிதிக்கும் சக்தியில் ஒரு பங்கைக் குதித்தே வீணாக்கும். மேடுபள்ளத்தை வாங்குவது டயரின் வேலை. 1 3/8 முதல் 1.75 இஞ்ச் அகலம், முள் இல்லாத வழவழப்பு டயர், காற்று 40 முதல் 50 பிஎஸ்ஐ (டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குள்), முன்னால் சற்றுக் குறைவாக. கல்லாக அடித்தால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்புக்கு வந்து சேரும்; குறைந்தால் மிதிக்க முட்டி பாடுபடும். வால்டியூப் போட்ட பழைய வகை வால்வில் கேஜ் வைத்துச் சரியாக அளக்க முடியாது. மோட்டார் சைக்கிள் வால்வு உள்ள டியூபாகக் கேட்டு வாங்குங்கள்.

கியர் கட்டாயமா? கும்பகோணம் சமதரை, வருடத்தில் பத்து மாதம் கியர் இல்லாமலே ஓட்டலாம். ஆனால் ரயில்வே மேம்பாலமும், அம்மியைப் பறக்கடிக்கும் ஆடிக்காற்றும் இருக்கின்றன. எதிர்க்காற்றில் ஒற்றைப் பல்சக்கரத்தை அழுத்தி மிதிப்பது தேய்ந்த முட்டிக்கு ஆகாது. வைப்பதென்றால் பின்னால் மட்டும் ஏழு போதும். முன்னாலும் மூன்று வைத்தால் செயின் கழல்வதும் கேபிள் இழுப்பதும்தான் மிச்சம். இருக்கும் கியரில் லேசானதைப் போட்டு, வேகமாகச் சுழற்றுங்கள். ஒரு முட்டி 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 15க்குக் குறைந்தால் கியர் கனம். 15 முதல் 20 சரி.

பழைய வண்டி எடுத்தால், கிராங்க்கை நடு அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’கென்று ஒரு தட்டு விழும், அது நேரே முட்டிக்குப் போகும். வளைந்த மிதி அச்சும் அப்படியே, பாதத்தைத் திருகி முட்டியையும் திருகும். இரண்டும் சில்லறைச் செலவு.

ஓட்டும் அளவு: முதல் வாரம் பத்து நிமிடம், காலையும் மாலையும். முட்டி அமைதியாக இருந்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அங்கே போய்ச்சேர இரண்டு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. சைக்கிள் எலும்பை வலுவாக்காது, எடையைச் சீட் தாங்குவதால். மாதவிடாய் நின்ற வயதில் அதற்குக் கொஞ்சம் நடையும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் கூடவே வேண்டும்.

நீங்கள் சாப்பிடும் கிளிமிப்பிரைடு சர்க்கரையைத் தாழவைக்கக் கூடியது. மாத்திரை போட்டு வெறும் வயிற்றில் சைக்கிள் எடுக்காதீர்கள். முதல் சில வாரம் கிளம்புமுன் சோதித்து, 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுக் கிளம்புங்கள். பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை மடித்து வைத்திருங்கள். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே இறங்கி அதை வாயில் போட்டுக் கால்மணி நேரம் உட்காருங்கள். அடிக்கடி தாழ்ந்தால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்பை விட்டு மூடிய ஷூ போட்டு, வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ, விரல் மரப்பு இரண்டு நாள் ஓட்டாமல் இருந்தும் போகாவிட்டாலோ, கையின் பிடி தளர்ந்தாலோ, உட்காருமிடத்தின் மதமதப்பு நீடித்துச் சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ நேரில் காட்டுங்கள். மிதிக்கும்போது நெஞ்சு அடைத்தால் உடனே நிறுத்தி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரியான உயரம் கிடைத்ததும் சீட் தண்டில் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மகன் கடைக்குப் போக வண்டியை எடுத்தால் சீட்டை ஏற்றிவிட்டுத்தான் போவார்; திங்கட்கிழமை காலை நீங்கள் மறுபடி சுவரில் கை ஊன்றி அளக்க வேண்டியிராது.