சூத்திரம் தெரிந்தும் விடை நூறு மடங்கு தள்ளி வருகிறதா? கால்குலஸ் கிளாஸுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்தாவதில் கணக்கில் 92 மார்க் சார். ஆனால் ஃபிசிக்ஸில் பாதி மார்க்கைத் தாண்ட முடியவில்லை. சூத்திரமெல்லாம் மனப்பாடமாகத் தெரியும், கணக்குப் போட்டால் விடை பத்து மடங்கு, நூறு மடங்கு தள்ளி வருகிறது. லேபில் ஒரே கம்பியை நாலு பேர் அளந்தால் நாலு ரீடிங். உனக்குக் கணித அடிப்படை போதாது, கால்குலஸ் கிளாஸில் சேர் என்கிறார்கள். சேரலாமா?"

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. பத்து மடங்கு, நூறு மடங்கு தள்ளி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிக் காரணம் அதிலேயே இருக்கிறது. கருத்துப் புரியாமல் தப்புப் போடுகிறவருக்கு விடை இரண்டு மடங்காக வரும், குறி மாறி வரும், சில நேரம் சம்பந்தமே இல்லாத எண் வரும். சரியாகப் பத்தின் மடங்குகளில் தள்ளிப் போகிறது என்றால் அலகு மாற்றத்திலோ பத்தின் அடுக்கிலோதான் கோளாறு. கால்குலஸ் கிளாஸில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் இதெல்லாம் கீழ் வகுப்பிலேயே முடிந்துபோன சமாச்சாரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 92 வாங்கியவருக்கும் இந்தத் தடுமாற்றம் வருவதில் ஆச்சரியம் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை 4 என்று வந்தால் வேலை முடிந்தது. இயற்பியலில் அந்த 4-உடன் ஓர் அலகு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த 4-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்கிற ஒரு வரம்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கைவிடாமல் கொண்டுபோகப் பழகுவதுதான் உங்களுக்கு இப்போது வேண்டிய கணிதம்.

நீங்கள் சொன்ன அந்தக் கம்பியையே எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். பத்தாவதில் மின்தடை எண் படித்திருப்பீர்கள்: மின்தடையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கி நீளத்தால் வகுக்க வேண்டும். கையில் இருப்பது 1.00 மீட்டர் நைக்ரோம் கம்பி, மின்தடை 6.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தைத் திருகு அளவியில் பார்க்க வேண்டும். பள்ளி லேபில் வழக்கமாக இருக்கும் திருகு அளவியில் தலையை ஒரு முழுச் சுற்று சுற்றினால் முனை 1 மி.மீ நகரும், தலையைச் சுற்றியுள்ள தலைக்கோலில் 100 பிரிவுகள், ஆகவே மீச்சிற்றளவு, அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. கம்பியை வைப்பதற்கு முன்னால் இரண்டு முனைகளையும் சும்மா சேர்த்துப் பாருங்கள். சுழி நேராக நிற்க வேண்டிய இடத்தில் தலைக்கோலின் 3-ஆம் பிரிவு நிற்கிறது. அப்புறம் கம்பியை வைத்தால் 49 காட்டுகிறது. அவசரத்தில் 0.49 மி.மீ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். சுழிப்பிழை 3 பிரிவு கூடுதலாக இருப்பதால் அதைக் கழித்து 0.46 மி.மீ என்றுதான் எழுத வேண்டும். வெறும் 0.03 மி.மீ, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். விட்டத்தில் அது கிட்டத்தட்ட 6.5 சதவீதம். பரப்பில் விட்டம் இருமடியாக வருவதால் அங்கே 13 சதவீதத்துக்கு மேல் போய்விடும், மின்தடை எண்ணிலும் அப்படியே. இருமடியில் நுழையும் பிழை இரண்டு மடங்காகும், மும்மடியில் நுழைந்தால் மூன்று மடங்காகும் என்று புத்தகத்தில் ஒரு வரியாகப் போட்டிருப்பது இதைத்தான்.

இனிப் பரப்பு. விட்டத்தைப் பாதியாக்கினால் ஆரம் 0.23 மி.மீ. பாதியாக்க மறந்தால் விடை நான்கு மடங்கு கூடும். இந்த இடத்தில் முதலில் செய்ய வேண்டியது, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், ஆரத்தை மீட்டருக்கு மாற்றுவது: 2.3 × 10⁻⁴ மீட்டர். இருமடி 5.29 × 10⁻⁸. பையால் பெருக்கினால் 1.66 × 10⁻⁷ சதுர மீட்டர். உங்களுக்கு விடை தள்ளிப் போவது அநேகமாக இங்கேதான். மி.மீ-லேயே பரப்பைக் கணக்கிட்டு 0.166 சதுர மி.மீ என்று எடுத்துவிட்டு, மி.மீ-லிருந்து மீட்டருக்கு 10⁻³ தானே என்று ஒரே ஒருமுறை போட்டால் 1.66 × 10⁻⁴ வரும், ஆயிரம் மடங்கு தப்பு. சதுர மி.மீ என்றால் 10⁻³ இரண்டு முறை வர வேண்டும், கன மி.மீ என்றால் மூன்று முறை. எனவே எல்லா அளவையும் முதல் வரியிலேயே மீட்டர், கிலோகிராம், விநாடிக்கு மாற்றிவிட்டு அதற்குப் பிறகே சூத்திரத்தில் போடுவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான வழிதான், ஆனால் தப்பு நடக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றாகக் குறைந்துவிடும்.

கடைசியில் 6.6-ஐயும் 1.66 × 10⁻⁷-ஐயும் பெருக்கினால் கால்குலேட்டர் நீளமாக எண்களைக் காட்டும். 0.46, 6.6 இரண்டிலும் இரண்டு முக்கிய எண்ணுருக்கள்தான் (அளந்து பெற்ற, நம்பத்தகுந்த இலக்கங்கள்) இருக்கின்றன, ஆகவே விடை 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர், அதற்கு மேல் எழுத நமக்கு உரிமை இல்லை. நடுவில் ஓர் இலக்கம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் (1.66 என்று வைத்தது அதனால்தான்), முழுமையாக்குவதைக் கடைசியில் செய்யுங்கள். விடை வந்ததும் நியாயமான எண்தானா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டும். செம்பின் மின்தடை எண் ஏறத்தாழ 1.7 × 10⁻⁸. ஹீட்டரில் போடுகிற நைக்ரோம் அதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். உங்கள் விடை 10⁻⁸ என்று வந்திருந்தால், நீங்கள் நைக்ரோமைச் செம்பாக்கிவிட்டீர்கள், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

இந்த நியாயம் பார்க்கிற வேலைக்குக் கைவசம் சில அளவுகள் வேண்டும், அவற்றை மனப்பாடம் செய்வதில் தப்பே இல்லை. மணிக்கு 18 கி.மீ என்றால் விநாடிக்கு 5 மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் லிட்டர், ஆயிரம் கிலோ, அதாவது ஒரு டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி சுமப்பது 12 டன். தண்ணீரின் அடர்த்தி கன செ.மீ-க்கு 1 கிராம் என்பதை மாற்றும்போது கன மீட்டருக்கு 1 கிலோ என்றோ 0.001 கிலோ என்றோ வந்தால், அந்த லாரியை நினைத்த மாத்திரத்தில் எங்கோ தவறியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

அலகை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது. ஏர் கனடாவின் போயிங் 767, மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குப் போக 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யாததால் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கையால் அளந்தார்கள், 7,682 லிட்டர். கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டும், அவர்கள் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். ஏற்கெனவே 13,597 கிலோ இருக்கிறது என்று நினைத்து, பாக்கிக்காக 4,916 லிட்டர் மட்டும் ஊற்றினார்கள், உண்மையில் ஊற்றியிருக்க வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றுபோயின. விமானிகளின் திறமையால் கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்துபோய் இறங்கினார்கள், உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அந்தக் கணக்கில் பெருக்கல், கழித்தல் எதுவும் தப்பில்லை என்பதைக் கவனியுங்கள். 1.77-க்குப் பக்கத்தில் 'லிட்டருக்கு இத்தனை பவுண்டு' என்று எழுதியிருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு வரியிலும் அலகையும் சேர்த்து எழுதுங்கள், எண்களை அடிப்பது போலவே அலகுகளையும் மேலும் கீழும் அடியுங்கள்.

சரி, நாலு பேருக்கு நாலு ரீடிங். 0.46, 0.47, 0.45 என்று வந்தால் அதில் கவலைப்பட எதுவும் இல்லை, மீச்சிற்றளவே 0.01 என்னும்போது அந்த அளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கம்பியும் எல்லா இடத்திலும் ஒரே பருமனாக, சரியான வட்டமாக இருப்பதில்லை. ஆகவே மூன்று நான்கு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் கம்பியைக் கால் சுற்று திருப்பியும் அளந்து சராசரி எடுங்கள். பக்கத்து நண்பரின் ரீடிங்கைப் பார்த்து உங்களுடையதைத் திருத்துவதுதான் உண்மையான தப்பு, அது உங்கள் அளவீட்டில் இருந்த தகவலையே அழித்துவிடுகிறது. ஒருவருக்கு 0.46, இன்னொருவருக்கு 0.52 என்றால் அது வேறு விஷயம்: சுழிப்பிழையை விட்டிருப்பார், அல்லது திருகை இறுக்கிப் பிடித்திருப்பார், அல்லது தளர்வாகவே விட்டிருப்பார். தலையைப் பிடித்துத் திருகாமல், கடைசியில் இருக்கும் சின்னக் குமிழைத் திருகி 'டிக் டிக்' சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். அந்தக் குமிழ் அதற்காகத்தான் இருக்கிறது.

முதன்மைக்கோல் மேல் சின்ன வெர்னியர் கோல் நகரும் வெர்னியர் அளவியில் வேறொரு தவறு பரவலாக நடக்கிறது. முதன்மைக்கோலில் படிக்க வேண்டியது வெர்னியரின் சுழிக்குச் சற்று முன்னால் இருக்கும் கோடு. பலர் முதன்மைக்கோலின் கோட்டோடு ஒன்றிப்போகும் வெர்னியர் கோடு எதுவோ அதற்கு நேரே முதன்மைக்கோலில் என்ன இருக்கிறது என்று படித்துவிடுகிறார்கள். சுழிக்கு முன்னால் 2.4 செ.மீ, ஒன்றிப்போவது 7-ஆவது கோடு என்றால், 7-ஐ மீச்சிற்றளவான 0.01-ஆல் பெருக்கிக் கூட்டி 2.47 செ.மீ. கண்ணை நேர் மேலே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்ததே.

இதே விதமாகத்தான் தனி ஊசலையும் பார்க்க வேண்டும். 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. ஸ்டாப்வாட்சை அழுத்தும் கை 0.2 விநாடி முன்பின் போவது சகஜம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அது 10 சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்தால் 40 விநாடியில் 0.2, அரை சதவீதம்தான். 20 அலைவு எடுக்கச் சொல்வது இதற்காக. ஆனால் வாட்சை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ண ஆரம்பித்தால் 20 என்று முடிக்கும்போது உண்மையில் 19 அலைவுதான் ஆகியிருக்கும், ஈர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதிலாக 10.9 என்று வந்து நிற்கும். 'சுழி' என்று சொல்லி அழுத்துங்கள். உங்கள் லேப் நோட்டில் 10.8, 10.9 என்று இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

எண்களைப் போடுவதற்கு முன்னால் எழுத்துகளிலேயே சூத்திரத்தைத் திருப்பி எழுதப் பழகுங்கள். அலைவு நேரம் = 2 × பை × √(நீளம் / முடுக்கம்) என்பதிலிருந்து முடுக்கம் வேண்டும் என்றால், முதலில் இருபுறமும் இருமடியாக்கி, முடுக்கம் = 4 × பை² × நீளம் / அலைவு நேரத்தின் இருமடி என்று கொண்டுவந்துவிட்டு அப்புறம் எண்களைப் போட வேண்டும். வழியிலேயே எண்ணைப் போட்டால் வர்க்கமூலத்துக்குள் மாட்டிக்கொண்டு தவிப்பீர்கள், எங்கே தப்பினோம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. எழுத்தில் இருந்தால் பரிமாணத்தை, அதாவது அலகுகள் இருபுறமும் பொருந்துகின்றனவா என்பதை, சரிபார்க்கலாம்: மீட்டர் மேலே, விநாடியின் இருமடி கீழே, முடுக்கம்தான். 4 × பை² விட்டுப்போனால் மட்டும் பரிமாணம் காட்டிக்கொடுக்காது, அதற்குப் பரிமாணமே கிடையாது. சைனா கொசைனா என்று குழப்பம் வந்தாலும் எண்ணைப் போடும் முன்பே தீர்த்துக்கொள்ளலாம். சாய்தளத்தில் பொருளைக் கீழே இழுக்கும் விசை எது? கோணத்தைச் சுழியாக்கிப் பாருங்கள். தரை சமமாகிவிட்டால் அது உருளாது, விசை சுழி ஆக வேண்டும், சைன்தான் அங்கே சுழியாகும்.

கால்குலஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் பாடத்திலேயே அது வந்துவிடுகிறது, கணிதப் புத்தகத்திலோ இரண்டாம் தொகுதி வரை காத்திருக்க வேண்டும், இந்த இடைவெளி மாணவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது என்பது உண்மை. அதுவரைக்கும் வரைபடம் போடுங்கள். இடப்பெயர்ச்சியை நேரத்துக்கு எதிராக வரைந்து சாய்வைக் கண்டால் திசைவேகம், திசைவேகத்தை வரைந்து கீழே உள்ள பரப்பைக் கண்டால் இடப்பெயர்ச்சி. சாய்வை எடுக்கும்போது கோட்டில் நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளை எடுங்கள், சாய்வுக்கும் அலகு எழுதுங்கள். இது கையில் வந்துவிட்டால் கால்குலஸின் வகையிடலும் (சாய்வு காண்பது) தொகையிடலும் (பரப்புக் காண்பது) பிறகு வரும்போது அந்நியமாகத் தெரியாது.

மேலே சொன்ன பயிற்சிக்குத் தினமும் இருபது நிமிடம் போதும், ஒரு மாதம். மொபைல் கால்குலேட்டரைத் தொடாமல் செய்யுங்கள், நீட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. மடக்கை அட்டவணையையும் இப்போதே பழகினால் லேப் கணக்கு பாதி நேரத்தில் முடியும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. போன தேர்வின் விடைத்தாளை எடுத்து, மார்க் போன ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு சொல் எழுதுங்கள்: அலகு, அடுக்கு, இயற்கணிதம், ரீடிங், கருத்து. முதல் நான்கும் நிறைய வந்தால் மேலே சொன்னதைச் செய்யுங்கள். 'கருத்து' பாதிக்கு மேல் வந்தால், எந்தக் கேள்விகளில் என்று குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும்.