இது மாடலா, கெஸ் அண்ட் செக்கா?

வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுக்கிறேன். புதுக் கணக்கு எதைக் கொடுத்தாலும், "டீச்சர், இது மாடலா, கெஸ் அண்ட் செக்கா?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பட்டைப் படம் வரைந்து போடுவதா, ஊகித்துச் சரிபார்ப்பதா என்று வழியைக் கேட்கிறார்கள். வழியைச் சொன்னால் கடகடவென்று போடுகிறார்கள். இவர்களை யோசிக்கவைப்பது எப்படி?
– ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் மேல் தப்பில்லை. அசெஸ்மென்ட் எனும் பயிற்சிப் புத்தகத்தில் "மாடல்" என்று தலைப்புப் போட்ட பாடத்தில் எல்லாமே மாடல் கணக்குதான். வழியைத் தேடும் தேவையே அவர்களுக்கு வந்ததில்லை. 1990 முதல் நம் கணிதப் பாடத்திட்டத்தை விளக்கும் ஐங்கோணப் படத்தின் நடுவில் இருப்பது பிரச்சினைக்குத் தீர்வு காணுதல். வழி தெரிந்த கணக்கு அதில் சேராது, அது பயிற்சி. பயிற்சியும் வேண்டியதுதான், ஆனால் வேலை வேறு.

கையிலிருக்கும் கணக்கையே திருப்பிப் போடுங்கள். "நீளம் 7 செ.மீ., அகலம் 5 செ.மீ., பரப்பளவு என்ன?" என்பதை இப்படி மாற்றலாம்: "சுற்றளவு 24 செ.மீ. பக்கங்கள் முழு எண்கள். எத்தனை விதச் செவ்வகம் வரும்? எதற்குப் பரப்பளவு அதிகம்?" கட்டத்தாள் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் தனியாக, பிறகு இருவர் இருவராக.

சிலர் 24ஐ நீளம், அகலம் இரண்டின் கூட்டுத்தொகையாக எடுத்துக்கொண்டு 12 × 12 வரைவார்கள். விளிம்பைச் சுற்றி எண்ணச் சொல்லுங்கள். 48 வந்ததும் தாங்களே திருத்துவார்கள். சதுரம் செவ்வகமாகாது என்று நினைப்பவர்கள் வரவேண்டிய ஆறு செவ்வகங்களில் ஐந்தோடு நிற்பார்கள். அந்தச் சண்டையை வகுப்பே தீர்க்கட்டும்.

தவிக்கிற பிள்ளையிடம் மனசு கேட்காமல் "நீளமும் அகலமும் சேர்ந்தா 12, தெரியுதா?" என்று சொல்லிவிட்டால் கணக்கு அங்கேயே செத்தது. மிச்சம் வெறும் பெருக்கல். வரைந்த இரண்டு செவ்வகங்களைக் காட்டி, "இதுக்கும் அதுக்கும் எதை மாத்தினே?" என்பதுவரை கேட்கலாம்.

விடைகளைப் பகிரும்போது, தாறுமாறாக வரைந்தவர் முதலில், அட்டவணை போட்டவர் கடைசியில். பரப்பளவுகள் 11, 20, 27, 32, 35, 36 என்று பலகையில் ஏறியதும், இடைவெளி 9, 7, 5, 3, 1 எனக் குறைவதை யாராவது கவனிப்பார்கள். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்!

சீக்கிரம் முடித்தவருக்கு: ஒரு பக்கம் சுவர், மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து 24 மீட்டர் வேலி. எதற்குப் பரப்பளவு அதிகம்? சதுரம்தான் பெரிது என்ற தெம்பில் 8 × 8 போட்டு 64 என்பார்கள். 7, 10, 7 போட்டாலே 70. அதிகபட்சம் 72, அதை அவர்களே தேடட்டும்.

இதற்கே வகுப்பு முழுவதும் ஓடிவிடும். வாரத்துக்கு ஒன்று போதும். "ஒரே கணக்குதானா?" என்று பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு மட்டும் பேனாவால் எழுதச் சொல்லி, அடித்தல் திருத்தலோடு தாளை வீட்டுக்கு அனுப்புங்கள்.